வாசலுக்கு எத்தனை காவலர்?

வீடு என்றால் கதவு வேண்டும். கதவு என்றால் தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாள் போட்ட பின்னும் எழுந்து சென்று, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பது குடும்பத் தலைவர்கள் பலருடைய வழக்கம். எமக்கும் அவ்வழக்கம் இளமை முதலே உண்டு. ஆகவே எம் இல்லத்தில் கணிப்பொறி என்னும் புதிய வாசல் ஒன்று திறந்தபோது, அதற்கும் ஒரு காவலரை நியமித்து, ஆண்டுதோறும் தவறாமல் ஊதியம் அளித்து வந்தோம். 'ஆண்டிவைரஸ்' என்று கடைத்தெருவில் வழங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளையே இங்குக் காவலர் என்று குறிப்பிடுகிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆனி மாதம் பிறக்கும் வேளையில், திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் தோன்றும். 'இன்னும் 15 நாட்களில் உங்கள் பாதுகாப்பு முடிவடைகிறது' என்று அது எச்சரிக்கும். நாமும் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, பணம் கட்டி, உறைக்குள் அச்சிட்ட எண்களைக் கொணர்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வோம். சிவப்பு மறைந்து பச்சை தோன்றிய பின்னரே மாலைக் காப்பி தொண்டையில் இறங்கும். இது உண்மையில் தேவைதானா என்று நாமாக ஒருபோதும் கேட்டதில்லை. 2024 ஆம் ஆண்டில் எம் மகன் கேட்டான். அக்கேள்விக்கு விடை காண்பதற்குள் எமக்கு நேர்ந்ததையும், அதனால் நாம் கற்றதையும், இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுக்குச் சொல்லுதல் கடமை என்று தோன்றிற்று. சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறோம்.

காவலர் வந்த கதை

அது 2008 ஆம் ஆண்டு. எம் மகள் முதுகலைப் பட்டத்திற்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் பாதியும் வீட்டில் பாதியுமாகத் தட்டச்சு செய்வாள். விரல் நீளமே உள்ள பென் டிரைவ் ஒன்றில் அவளுடைய ஓராண்டு உழைப்பு அடங்கியிருந்தது. அச்செடுப்பதற்காக அதனை ஜெராக்ஸ் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றாள். அந்நாட்களில் அத்தகைய கடைகளின் கணிப்பொறிகள் ஊர்ப் பொதுக் குளத்தைப் போன்றவை. வந்தவர் எல்லோரும் அதில் கால் நனைப்பர். ஒருவருடைய சொறி மற்றவரை ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், அவள் சேமித்த கோப்புறைகளைக் காணோம். அவற்றின் பெயரைத் தாங்கி வேறு ஏதோ நின்றது. அதனைச் சொடுக்கியதும் எம் கணிப்பொறியும் நோயுற்றது. பெண் நடுங்கிப் போனாள். கணிப்பொறி வாங்கிய நாளிலேயே, வெளியில் புழங்கிய எதனையும் அதில் செருகலாகாது என்று நாம் கடுமையாகச் சொல்லியிருந்தோம். ஆகவே அவள் எம்மிடம் வாய் திறக்கவில்லை. நான்கு நாட்கள் தனியே போராடினாள். ஐந்தாம் நாள், தோழி ஒருத்தி சொன்ன யோசனைப்படி, பென் டிரைவை முற்றிலும் துடைத்துப் புதிதாக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டாள். நோயும் போயிற்று, அதனோடு மூன்று அத்தியாயங்களும் போயின.

கணிப்பொறியைப் பழுது பார்க்க வந்த இளைஞர், நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார். "ஐயா, இந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து வைக்கும், அவ்வளவுதான். துடைக்காமல் என்னிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மீட்டுக் கொடுத்திருப்பேன்" என்றார்.

அதைக் கேட்ட பின்னும் நாம் மகளைத்தான் கடிந்துகொண்டோம். அன்று மாலையே கடைக்குச் சென்று ஆண்டிவைரஸ் வாங்கி வந்தோம். அந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்ற பாடம் அது ஒன்றே. அதனுள் வேறொரு பாடமும் இருந்தது என்பது 16 ஆண்டுகள் கழித்தே எமக்கு விளங்கியது.

நோயும் மருந்தும்

கணிப்பொறி வைரஸ் என்பது உயிரினம் அன்று. மனிதர் எழுதிய கட்டளைத் தொகுப்பே. ஒரு பொறியில் புகுந்து, தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு, அடுத்த பொறிக்குத் தாவும் இயல்பு உடையதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவர், நண்பர்களைக் கேலி செய்வதற்காக 'எல்க் குளோனர்' என்ற ஒன்றை எழுதினார். அது தொற்றிய தட்டைக் கொண்டு ஐம்பதாம் முறை கணிப்பொறியை இயக்கும்போது ஒரு சிறு பாட்டு திரையில் தோன்றும். அவ்வளவே அதன் குறும்பு. 1986 ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர்களான பாசித் அல்வி, அம்ஜத் அல்வி இருவரும் 'பிரெயின்' என்ற வைரஸை எழுதினர். தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைச் சிலர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைத் தடுப்பதே தங்கள் நோக்கம் என்று அவர்கள் கூறினர். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் அதனுள்ளேயே எழுதி வைத்திருந்தனர் என்பது இன்று கேட்பதற்கு விந்தையாக இருக்கிறது.

விந்தை வெகுநாள் நீடிக்கவில்லை. 2000 ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு மின்மடல், 'உன்னை நேசிக்கிறேன்' என்ற தலைப்பையும், காதல் கடிதம் போன்ற ஓர் இணைப்பையும் தாங்கி உலகைச் சுற்றி வந்தது. திறந்தவர்களின் கோப்புகளைக் கெடுத்ததோடு, அவர்களுடைய முகவரி ஏட்டிலிருந்த அனைவருக்கும் அதே மடலைத் தானே அனுப்பியது. சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கான பொறிகள் பழுதுற்றன. அந்நாட்டில் அப்போது அதற்கென்று சட்டம் இல்லாமையால், எழுதியவர் தண்டனையின்றித் தப்பினார். அவர் பூட்டை உடைத்தவர் அல்லர். மனிதரின் ஆவலைத் தட்டினார், கதவு உள்ளிருந்தே திறந்தது.

நோய் பெருகியபோது மருத்துவர்களும் பெருகினர். அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டில் மக்காஃபி நிறுவனம் தோன்றியது. நம் சென்னையிலேயே 1991 ஆம் ஆண்டில் கே7 கம்ப்யூட்டிங் தொடங்கப் பெற்றது. புனே நகரில் பழுதுபார்க்கும் கடையாக இருந்த ஒன்று குவிக் ஹீல் என்ற நிறுவனமாக வளர்ந்தது. இவர்களுடைய உழைப்பால் காக்கப்பட்ட இல்லங்களும் அலுவலகங்களும் ஏராளம். அந்நன்றியை மறத்தல் தகாது.

இக்காவலர் பணி செய்யும் முறையை எளிதில் விளக்கலாம். காவல் நிலையச் சுவரில் பழைய குற்றவாளிகளின் படங்களை மாட்டியிருப்பார்கள் அன்றோ? அவ்வாறே அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு முறை. படத்தில் இல்லாதவனாயினும், நள்ளிரவில் மதிலேறுபவனைப் பிடிப்பது போல, நடத்தையைக் கண்டு ஐயுற்றுத் தடுப்பது மற்றொரு முறை. இரண்டும் பயனுள்ளவை, ஆயினும் முழுமையானவை அல்ல. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் ஒரு நிரலை எக்காலத்தும் எழுத இயலாது என்பதை ஃபிரெட் கோகன் என்ற அமெரிக்க அறிஞர் 1980 களிலேயே கணித முறைப்படி நிறுவிவிட்டார்.

மகனின் கேள்வி

2024 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் விடுமுறைக்கு வந்திருந்த மகன், நாம் குடையை எடுப்பதைக் கண்டு, "எங்கே அப்பா, இந்த வெயிலில்?" என்றான். காரணத்தைச் சொன்னோம். சிரித்துக்கொண்டே எம்மை உட்கார வைத்து, கணிப்பொறியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"வைரஸ் தடுப்பு இப்போது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, அப்பா. வீட்டோடு சேர்ந்தே காவலர் வருகிறார். நீங்கள் வெளியிலிருந்து இன்னொருவரைக் கொணர்ந்ததும் அவர் ஒதுங்கி நிற்கிறார். வெளியாளை அனுப்பிவிட்டால் மீண்டும் தாமே பணியேற்பார்" என்றான்.

அவன் எடுத்துரைத்த வரலாறு இது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வீட்டுப் பயனருக்கென்று இலவசமாக ஒரு தடுப்பு மென்பொருளை வெளியிட்டது. 2012 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, அத்தகைய பாதுகாப்பு 'டிஃபெண்டர்' என்ற பெயரில் விண்டோஸோடு இணைந்தே வருகிறது. தொடக்கத்தில் அதன் தரம் போற்றத்தக்கதாக இல்லை. ஜெர்மனியிலுள்ள ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வுக்கூடம் 2012 ஆம் ஆண்டில் நடத்திய சோதனை ஒன்றில், அவ்விலவச மென்பொருள் தேர்ச்சிச் சான்று பெறத் தவறியது. பின்னர் நிலைமை மாறியது. அதே ஆய்வுக்கூடத்தின் அண்மைக் காலச் சோதனைகளில் டிஃபெண்டர் விலை கொடுத்து வாங்குபவற்றுக்கு நிகராகத் தேர்ச்சி பெற்று வருகிறது. எம் மகளைப் பாதித்த பென் டிரைவ் நோய்க்கும் வழி அடைக்கப்பட்டது. செருகியவுடன் உள்ளிருப்பது தானே இயங்கும் வசதியைப் பென் டிரைவுக்கு இல்லாதபடி புதிய விண்டோஸில் நீக்கினர். பழைய விண்டோஸ் பொறிகளுக்கும் 2011 ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்திருத்தம் அனுப்பப்பட்டது.

மகன் சொன்னதனைத்தும் உண்மை. ஆயினும் எம் மனம் ஏற்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைப்பதில் என்ன காவல் இருக்கும் என்று எண்ணினோம். இலவசம் என்று சொல்லி வந்த சில மென்பொருள்கள் மீது ஐயம் கொள்வதற்கு நியாயமும் உண்டு. அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற நிறுவனம், தன் மென்பொருளைப் பயன்படுத்தியோர் இணையத்தில் எங்கெங்கு உலவினர் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றதற்காக, 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. காவலரே வீட்டுச் செய்தியை வெளியில் விற்றால் யாரிடம் முறையிடுவது?

ஆனால் எம் பிடிவாதத்திற்கு அஃதன்று காரணம். பச்சை விளக்கைக் காணும் ஆறுதலுக்கு நாம் பழகிவிட்டோம். மகன் ஊர் திரும்பிய மறுநாளே கடைக்குச் சென்று பணத்தைக் கட்டினோம்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது

இரண்டு மாதங்கள் சென்றன. ஒரு நாள் முற்பகலில் எமக்கு ஒரு மின்மடல் வந்தது. எம் ஆண்டிவைரஸ் மூன்றாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டதென்றும், அதற்காக ரூ.24,999 இன்றே எம் கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்றும், வேண்டாமெனில் கீழ்க்கண்ட எண்ணை உடனே அழைக்கவும் என்றும் அதில் கண்டிருந்தது. சிறிது முன்புதான் கட்டியிருக்கிறோமே, மீண்டும் இத்துணைப் பெருந்தொகையா என்ற பதற்றத்தில் எண்ணை அழைத்தோம்.

மறுமுனையில் பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். "கவலைப்படாதீர்கள் ஐயா, உங்கள் பணம் உங்களுக்கே, நானே திருத்தித் தருகிறேன்" என்றார். எம் திரையை அவர் பார்க்கும்படியாக ஒரு சிறு மென்பொருளை இறக்கச் சொன்னார்; இறக்கினோம். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார், திறந்தோம். கைப்பேசிக்கு ஓர் எண் வரும், பணத்தைத் திருப்புவதற்கான எண் அது என்றார். வந்த எண்ணைப் படித்துச் சொன்னோம். மற்றுமோர் எண் வந்தது, அதையும் சொன்னோம். பின்னர்த் திரை கறுத்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்டது. எம் துணைவியாரின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கென்று ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்ததில் ரூ.86,000 இரண்டு தவணையாக வெளியேறியிருந்தது.

கணிப்பொறியை மீண்டும் இயக்கினோம். திரையின் மூலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று அது சொல்லிற்று.

அக்காவலரைக் குறை கூறுவதற்கில்லை. நாம் இறக்கியது வைரஸ் அன்று. தொலைவிலிருந்து பழுது நீக்குவதற்கென்று அலுவலகங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நேர்மையான கருவியே அது. குற்றவாளிகளின் படங்களில் அதற்கு இடமில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து, விருந்தினரைக் கைப்பிடித்து அழைத்து வந்து, பெட்டிச் சாவியையும் எடுத்துக் கொடுக்கும்போது, வாசலில் நிற்கும் காவலர் யாது செய்வார்?

இரண்டு இரவுகள்

இனி எழுதப் போவதே எமக்கு மிகவும் கடினமான பகுதி. நடந்ததை நாம் யாரிடமும் சொல்லவில்லை. மகனுடைய சொல்லை மீறிப் பணம் கட்டியவர் நாம். பிள்ளைகளுக்கும் தெருவில் உள்ளோருக்கும் எச்சரிக்கை சொல்லி வந்தவரும் நாமே. எந்த முகத்தோடு சொல்வது? துணைவியார் உணவு பரிமாறியபோது தலைவலி என்றோம். இரண்டு இரவுகள் உறங்கவில்லை. தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கவும் எழவில்லை, போகவேண்டியது போய்விட்டதே!

மூன்றாம் நாள் காலையில் துணைவியார், "மருத்துவமனையில் தேதி கொடுத்துவிட்டார்கள், முன்பணம் கட்ட வேண்டுமாம்" என்றார். அதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து சென்று, தாமே மகனைத் தொலைபேசியில் அழைத்து, எம்மிடம் கொடுத்தார்.

மகன் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. "முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள் அப்பா. அடுத்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கணிப்பொறியின் இணைய இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். நான் இரவு வண்டியில் வருகிறேன், மற்றவற்றை வந்து பேசிக்கொள்ளலாம்" என்றான்.

1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கென்று நாடெங்கும் இயங்கும் உதவி எண். புகார் பதிவானதும், பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குச் சென்றது என்று தொடர்ந்து, இன்னும் எடுக்கப்படாமல் கிடப்பதை நிறுத்தி வைக்க முயல்வர். மோசடிக்காரர் தொகையைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே செல்வதால், இதில் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புடையது. நாமோ இரண்டு பகல்களையும் இரண்டு இரவுகளையும் மௌனத்தில் கழித்திருந்தோம். ரூ.11,000 மட்டுமே எங்கோ ஒரு கணக்கில் அகப்பட்டு நிறுத்தப்பட்டது. எஞ்சியது திரும்பவில்லை. அன்று முற்பகலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு மீண்டிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்க எமக்குத் துணிவில்லை.

அன்று மாலை மகள் அழைத்தாள். செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது. "அழாதீர்கள் அப்பா. நான்கூட நான்கு நாள் ஒளித்து வைத்தேன், நீங்கள் இரண்டே நாளில் சொல்லிவிட்டீர்கள்" என்று சிரிக்க முயன்றாள். பிறகு மெல்ல, "அப்போது எனக்கு ஆய்வேடு போனதைவிட உங்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது" என்றாள்.

16 ஆண்டுகளுக்கு முன் நாம் கற்கத் தவறிய பாடம் அதுவே. அவளுடைய மூன்று அத்தியாயங்களை வைரஸ் அழிக்கவில்லை. எம்மீது கொண்ட அச்சம் அழித்தது. நோய் வந்த அன்றே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் மீண்டிருக்கும். நாமோ அவளுக்கு அஞ்சாமல் சொல்லும் உரிமையைக் கொடுக்காமல், கணிப்பொறிக்குக் காவலரை வாங்கிக் கொடுத்தோம்.

ஆகவே தேவைதானா?

மகன் கேட்ட கேள்விக்கு இப்போது எம் விடையைச் சொல்லிவிடுகிறோம். புதுப்பிப்புகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் விண்டோஸ் கணிப்பொறியை வீட்டு வேலைக்கு மட்டும் பயன்படுத்தும் சாதாரணக் குடும்பத்திற்கு, அதனுள் இருக்கும் காவலரே போதும். விலை கொடுத்து மற்றொருவரை அமர்த்த வேண்டியதில்லை. ஆப்பிள் கணிப்பொறிகளிலும் அத்தகைய தடுப்பு உள்ளிணைந்தே வருகிறது. வைரஸ் தடுப்பே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உள்ளிருக்கும் காவலரை ஒருபோதும் நிறுத்தி வைக்கக்கூடாது. அலுவலகம் வைத்திருப்போரும், பலருடைய பென் டிரைவுகளை நாள்தோறும் செருகும் கடைக்காரரும், பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதியை விரும்பும் பெற்றோரும் விலை கொடுத்து வாங்குவதில் தவறில்லை. வாங்குவோர் நம்பத்தக்க நிறுவனத்திடம் நேரே வாங்குதல் நன்று. மின்மடலிலும் திரையில் திடீரென்று தோன்றும் அறிவிப்பிலும் காணப்படும் தொலைபேசி எண்ணை ஒருபோதும் அழைத்தல் கூடாது.

அதனினும் முக்கியமானது புதுப்பிப்பு. 'அப்டேட்' என்று பிள்ளைகள் சொல்வது இதனையே. 2017 ஆம் ஆண்டு மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற கொடிய நிரல் சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணயத் தொகை கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாக அதனை ஏற்காமல் இருந்த பொறிகளே பெரும்பாலும் அகப்பட்டன. 'பிறகு பார்க்கலாம்' என்ற பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10 க்கு வழக்கமான இலவசப் புதுப்பிப்பு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. அதனை வைத்திருப்போர் விண்டோஸ் 11 க்கு மாற இயலுமா என்று அறிந்தவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுதல், எந்த ஆண்டிவைரஸையும்விடப் பயன் தரும்.

அடுத்தது, படி எடுத்து வைத்தல். ஆண்டுக் கட்டணமாகக் கொடுத்து வந்த தொகையோடு சிறிது சேர்த்து, வெளியில் இணைக்கும் வன்தட்டு ஒன்றை வாங்கினோம். திருமணப் படங்கள், நிலப் பத்திரங்களின் படிகள், பேரப்பிள்ளைகளின் ஒளிப்படங்கள் ஆகியவற்றை மாதம் ஒருமுறை அதில் பதிந்து, பின்னர்க் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம். கழற்றி வைப்பது இன்றியமையாதது. பொறியோடு எந்நேரமும் இணைந்திருந்தால், பொறிக்கு வரும் நோய் அதற்கும் வரும்.

கைப்பேசியிலும் இதே எச்சரிக்கை தேவை. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் நிறுவற்கோப்புகளைத் தொட்டு ஏமாந்தோர் பலர். அழைப்பிதழைப் பார்ப்பதற்கு எதனையும் நிறுவ வேண்டியதில்லை. வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் எண், பணத்தை வெளியே அனுப்புவதற்கு நாம் தரும் சம்மதம். அதனைக் கேட்பவர் யாராயினும் மோசடிக்காரரே.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். மகன் தன் கையாலேயே எழுதினான். எழுதி முடித்தபின், கடைசி வரியை நாம் சேர்த்தோம்: 'தவறாக எதையேனும் அழுத்திவிட்டால், அந்நிமிடமே வீட்டில் சொல், யாரும் கோபிக்க மாட்டோம்.' 1930 என்ற எண்ணை அதற்குக் கீழே பெரிதாக எழுதினோம்.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் கணிப்பொறியோ கைப்பேசியோ இருக்கும். அதற்கு என்ன காவல் வைத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் மகளோ, மருமகளோ, முதிய தந்தையோ ஒரு பிழை செய்துவிட்டால், அஞ்சாமல் வந்து உங்களிடம் சொல்வார்களா என்றும் எண்ணிப் பாருங்கள். ஐயமிருந்தால் இன்றிரவு உணவு வேளையிலேயே அவர்களிடம் அதைப் பேசிவிடுங்கள்.

துணைவியாரின் அறுவைச் சிகிச்சை ஆறு மாதங்கள் தள்ளிப் போயிற்று. மகனும் மகளும் பகிர்ந்துகொள்ள, நலமாகவே நடந்தேறியது. சென்ற ஆனி மாதத்தில் வழக்கம்போல் சிவப்புக் கட்டம் தோன்றியது. நாம் குடையை எடுக்கவில்லை. பேரன் அருகில் வந்து நின்று, "தாத்தா, நான் பள்ளிக்கூடத்துப் பென் டிரைவை இதில் செருகிவிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறதே" என்றான். அவனை மடியில் இருத்திக்கொண்டு, இருவருமாக அதனைச் சோதித்துப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை, வண்ணம் தீட்டிய ஒரு யானைப் படம் மட்டுமே இருந்தது.